பத்தொன்பது டிகிரி

ஹாமித் தக்குரு செய்த குற்றம் இவ்வளவுதான்: தலைநகர் மாலேயில் புதிதாகக் கட்டிய நூருல் பஹ்ர் பெரும்பள்ளியில், வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகையில், ஏழாவது வரிசையில் நின்றபடி வலப்பக்கம் கொஞ்சம் திரும்பிவிட்டார். கொஞ்சம் என்றால் பத்தொன்பது டிகிரி. வேண்டுமென்று செய்ததல்ல. முப்பத்தோரு வருடம் படகு ஓட்டிய உடம்பு அது. தொழும் திசையான கிப்லா எந்தப் பக்கம் என்று அதற்கு யாரும் சொல்லித் தரத் தேவையில்லை. நின்றதும் கால் தானாகத் திரும்பிக்கொண்டது.

தொழுகை முடிந்து வெளியே வந்தால், பச்சை வார் போட்ட ஒருவர் செருப்பு அடுக்கின் அருகே காத்திருந்தார். வரிசை ஒழுங்கு அலுவலராம். இப்படியொரு உத்தியோகம் இருப்பதே தக்குருவுக்கு அன்றுதான் தெரிந்தது.

"பேபே, ஒரு நிமிஷம். நீங்க கோணலா நின்னீங்க."

"நான் நேராத்தான்பா நின்னேன். கட்டடம்தான் கோணலா நிக்குது."

அண்ணன் முறை வைத்துப் பேபே என்று கூப்பிட்டவனிடம், அந்த உரிமையில் விளையாட்டாகச் சொன்ன பதில் அது. அலுவலர் சிரிக்கவில்லை. ரசீதுப் புத்தகத்தைப் பிரித்தார். முதல் குற்றம்: வரிசை குலைத்தது. இரண்டாம் குற்றம்: கட்டடத்தைப் பழித்தது. ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்குப் பள்ளிவாசல் ஆணையகத்தில் ஆஜராக வேண்டும் என்று எழுதிக் கிழித்துக் கொடுத்தார்.

ஆணையகம் பள்ளியின் மேல்தளத்தில் இருந்தது. பள்ளியில் தொழவைக்க ஓர் இமாம், பாங்கு சொல்ல ஒருவர், கூட்டிப் பெருக்க நாலு பங்களாதேஷ்காரர்கள். இந்த ஆறு பேரையும் நிர்வகிக்க மேலே அறுபத்து மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். கீழே தொழுகைக்குமுன் கைகால் கழுவி ஒலு செய்யும் இடத்தில் குழாயில் தண்ணீர் நின்று போய் மூன்று வாரமாகிறது. மேலே தண்ணீர்க் கொள்கைப் பிரிவு என்று தனியாக ஓர் அறையே இருந்தது.

தக்குரு கையோடு தன் திசைகாட்டியைக் கொண்டுபோயிருந்தார். படகிலிருந்து கழற்றிய பித்தளைத் திசைகாட்டி. அவர் அப்பாவித்தனத்தை என்னவென்று சொல்ல! காட்டினால் பார்ப்பார்கள், பார்த்தால் புரிந்துகொள்வார்கள் என்று நம்பினார் மனிதர்.

முகப்பு மேசையில் ஷியூனா என்ற பெண் உட்கார்ந்திருந்தாள். ரசீதைப் பார்த்தாள், திசைகாட்டியைப் பார்த்தாள், பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"பேபே, இதை யார்கிட்டயும் காட்டாதீங்க. பத்தொன்பதுதானே? எங்க எல்லாருக்குமே தெரியும்."

"தெரியுமா? அப்புறம் ஏன்மா?"

"அடிக்கல் நாட்டுன அன்னிக்கு வெயில் பெரியவங்க கண்ணுல அடிச்சுதாம். ஃபோட்டோ நல்லா வரலைன்னு கல்லைக் கொஞ்சம் திருப்பி வச்சுட்டாங்க. எஞ்சினியருங்க வந்து கல்லைப் பார்த்துக் கட்டிட்டாங்க. கல்லு மேல பெரியவங்க பேரு இருக்குல்ல? அது தப்பா இருக்கும்னு யாரு சொல்வா?"

தக்குருவுக்கு அப்போதும் புத்தி வரவில்லை. "இதுக்கு எதுக்கும்மா பயம்? பவளக்கல்லு பழைய பள்ளி இருக்கே, அதுவும் கிப்லா பக்கம் பார்த்துக் கட்டினது இல்லையே. நம்ம பாட்டன் முப்பாட்டனெல்லாம் மூலையைப் பார்த்துத்தானே தொழுதாங்க? அதுல என்ன கெட்டுப்போச்சு? இங்கயும் கம்பளத்துல சாய்வா ஒரு கோடு போட்டாப் போதும். நானே சுண்ணாம்புக் கட்டி கொண்டாந்து போட்டுத் தரேன்."

"சுண்ணாம்புக் கட்டியா?" ஷியூனா கலவரத்தோடு சுற்றுமுற்றும் பார்த்தாள். "அந்தக் கம்பளம் நட்பு நாடு குடுத்தது பேபே. அதுல கோடு போட்டா வெளியுறவுப் பிரச்சினை ஆயிடும்."

விசாரணைக் குழுவில் மூன்று பேர். தலைவர் டாக்டர் முன்ஸிஃப் ரஷாத். எதில் டாக்டர் என்பது அவர் மனைவிக்கும் தெரியாது. இரண்டாமவர் தொழில்நுட்ப ஆலோசகர். மூன்றாமவர் ஓய்வுபெற்ற யாரோ. குல்ஹா தட்டு வந்தால் மட்டும் கண் விழிப்பார், மீன் உருண்டையை வாயில் போட்டுக்கொண்டு மறுபடி கண்ணை மூடிக்கொள்வார்.

தக்குரு திசைகாட்டியை மேசைமேல் வைத்தார். முள் ஆடி நின்றது. மூன்று பேரும் அதைப் பார்க்காமல் சுவரைப் பார்த்தார்கள்.

"செல்ஃபோன்ல பார்த்தாலும் இதேதான் சார் காட்டும்" என்றார் தக்குரு.

"செல்ஃபோன் காட்டுறது வெளிநாட்டுத் திசை" என்றார் ஆலோசகர். "நம்ம நிலைமை அதுக்குத் தெரியாது. நான் வேற ஒரு கோணத்துல யோசிச்சேன். பக்கத்துல மணல் கொட்டிக் கொட்டிப் புது நிலம் உண்டாக்குறாங்க இல்லையா? ஒரு பக்கம் மட்டும் அவ்வளவு பாரம் ஏறினா தீவு லேசாத் திரும்பியிருக்க வாய்ப்பு உண்டு. பள்ளிவாசல் சரியாத்தான் நிக்குது. மாலேதான் திரும்பிடுச்சு."

தக்குரு அவர் முகத்தையே பார்த்தார். சிரிப்பு வருமா என்று காத்திருந்தார். வரவில்லை. தீவு திரும்பியதா என்று நில அளவைத் துறைக்குக் கடிதம் எழுதுவது, பதில் வரும்வரை பள்ளியின் திசையே திசை என்று குழு அங்கேயே தீர்மானம் போட்டது. மூன்றாமவர் கண்ணைத் திறக்காமலே கையைத் தூக்கினார்.

பிறகு தலைவர் பேசினார். தலைவருக்குப் பேச்சு பிடிக்கும். எதிரே ஒரே ஓர் ஆள் உட்கார்ந்திருந்தாலும் மைக்கைப் போட்டுக்கொள்வார்.

"தக்குரு, நீங்க சொல்றது சரியாக்கூட இருக்கலாம். ஆனா சரியா தப்பான்னு பார்க்குறது இந்தக் குழுவோட வேலை இல்ல. எடுத்த முடிவை முடிவாவே வச்சிருக்கிறதுதான் எங்க வேலை. இன்னிக்குத் திசைல கை வைப்பீங்க. நாளைக்கு ஒருத்தர் மைக்ல கை வைப்பார். அப்புறம் என் நாற்காலில வைப்பாங்க. திறந்த நாள்லேர்ந்து ஒரு லட்சம் பேர் இங்க தொழுதிருக்காங்க. இப்பப் போய்த் தப்புன்னு சொன்னா அவங்க மனசு என்ன பாடுபடும்? மக்கள் மனசு நோகக் கூடாதேன்னுதான் உண்மையை நாங்க இவ்வளவு பத்திரமாப் பூட்டி வச்சிருக்கோம். இந்த ஆணையகத்துல நான் ஒருத்தன்தான் தூங்காம உழைக்கிறேன்." இந்தக் கடைசி வரியைச் சொல்லும்போது மூன்றாமவரை ஒரு பார்வை பார்த்தார்.

"அல்லாஹ்வுக்குத் தெரியும் சார்" என்றார் தக்குரு.

"அவனுக்குத் தெரியட்டும். பத்திரிகைக்குத் தெரியக் கூடாது."

இதோடு விட்டிருந்தால் தக்குரு வீட்டுக்குப் போய் ஒரு கறுப்புத் தேநீர் குடித்துவிட்டு மறந்திருப்பார். ஆனால் அறுபத்து மூன்று பேருக்கு வேலை வேண்டுமே! மறு வாரம் துறைமுக அலுவலகத்தில் படகோட்டும் உரிமத்தைப் புதுப்பிக்கப் போனவரிடம் ஒரு தாளை நீட்டினார்கள். திசை விஷயத்தில் விசாரணை நிலுவையில் இருக்கும் ஒருவர் கையில் நூறு பயணிகளை ஒப்படைக்க முடியாது, ஆணையகத்திடமிருந்து 'திசையறிவுச் சான்று' வாங்கி வரவும் என்று அதில் இருந்தது.

படகை விட்டால் அவருக்கு வேறு பிழைப்பு கிடையாது. வேறு எதுவும் தெரியவும் தெரியாது. ஐம்பத்தெட்டு வயதில் கரையில் உட்கார்ந்து மற்றவன் படகு போவதைப் பார்க்கச் சொன்னால் அவர் ஒரு மாதம் தாங்க மாட்டார். அது அவருக்கும் தெரியும், அவர் மனைவி நஃபீஸாவுக்கும் தெரியும்.

சான்று வாங்கப் போனால் அதற்கொரு படிவம். ஷியூனா அதைக் கொடுக்கும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அதில் இப்படி அச்சடித்திருந்தது: 'எனக்குத் திசை தெரியாது என்பதை முழு மனதுடன் ஒப்புக்கொள்கிறேன். ஆணையகம் காட்டும் திசையையே இனித் திசையாகக் கொள்வேன்.' இதில் கையெழுத்துப் போட்டால் திசை தெரியும் என்று சான்று தருவார்கள்.

படிவத்தை வீட்டுக்குக் கொண்டுவந்து இரண்டு நாள் வைத்துக்கொண்டு முழித்தார்.

"கையெழுத்துதானே, போட்டுத் தொலைங்க" என்றாள் நஃபீஸா. "கடல் என்ன, அவங்க கோப்பையா படிக்கப் போகுது?"

"முப்பத்தோரு வருஷத்துல ஒரு ஆளைக்கூட தப்பான கரையில இறக்கினதில்லடி நான்."

"தெரியும். எனக்குத் தெரியும், ஊருக்குத் தெரியும். அந்தக் கழுதைங்களுக்குத் தெரியாட்டி என்ன இப்ப? போடுங்க."

போட்டார். பேனாவை வைத்ததும் கண் கலங்கிவிட்டது அவருக்கு. அம்மா அப்பா வைத்த பெயரைப் பொய்யென்று எழுதிக் கொடுத்த மாதிரி இருந்தது. நஃபீஸா ரொஷி ரொட்டியும் மாஸ் ஹுனி மீன் கலவையும் கொண்டுவந்து வைத்தாள். அவர் தொடவில்லை.

சான்று வந்தது. அதுவும் தற்காலிகச் சான்றுதான். ஒரு மாத நன்னடத்தையைப் பார்த்துவிட்டுத்தான் முழு உரிமமாம். கூடவே அளவு நாடாவோடு இரண்டு அலுவலர்கள் படகில் ஏறினார்கள். பள்ளிவாசல் முகத்தை வைத்துக் கணக்குப் போட்டு, திசைகாட்டிக் கண்ணாடிமேல் சிவப்புக் கோடு போட்ட ஓர் ஒட்டுத்தாளை ஒட்டினார்கள். இனி அந்தச் சிவப்புக் கோட்டை வைத்துத்தான் எல்லாத் திசையும் பார்க்க வேண்டும். கோட்டின்மேல் அரக்கு முத்திரை. பக்கத்தில் இருந்த ஜிபிஎஸ் பெட்டிக்கு 'முரண்படும் கருவி' என்று பெயர் வைத்து, துணி சுற்றி, அதற்கும் முத்திரை. முத்திரை உடைந்தால் உரிமம் ரத்து.

எஞ்சின்காரர் ஜம்ஷீத் கீழேயிருந்து தலையை நீட்டிப் பார்த்தார். "கிழிஞ்சது போ! பேபே, எஞ்சினுக்கும் ஒண்ணு ஒட்டச் சொல்லுங்க. அது முன்னால போறதும் அவங்களுக்குப் பிடிக்காது."

அந்த மாதம் பெரிய தொந்தரவு இல்லை. தக்குருவின் படகு போய்வருவது எதிரே கண்ணுக்குத் தெரிகிற வில்லிமாலேக்கு. பத்து நிமிடப் பயணத்துக்குத் திசைகாட்டி எதற்கு? மாதம் முடிய நாலு நாள் இருக்கும்போதுதான் ஆணையகத்திலிருந்து கடிதம் வந்தது. மேற்கே அடுத்த அட்டோலில், அதாவது அடுத்த தீவுக்கூட்டத்தில், இருக்கிற வெலிதூ தீவில் மக்களுக்குத் திசையறிதல் விழிப்புணர்வு முகாம். தலைவரும் பன்னிரண்டு அலுவலர்களும் போகிறார்கள். நாட்டிலேயே முறைப்படி திசை திருத்தப்பட்ட ஒரே படகு தக்குருவுடையது என்பதால் அதிலேயே பயணம்.

மதிய லுஹர் தொழுதுவிட்டு எல்லோரும் ஏறினார்கள். கேமரா வைத்த ஒருவரும் வந்தார். தக்குரு தலைவரிடம் போய்ப் பணிவாகத்தான் சொன்னார்.

"சார், வெலிதூவுக்கு ரெண்டு மணி நேரம். நடுவுல வெறும் கடல். இந்தச் சிவப்புக் கோட்டுப்படி போனா ஊர் வராது. உத்தரவு குடுத்தா ஒட்டுத்தாளை எடுத்துடறேன்."

கேமரா ஓடிக்கொண்டிருந்தது. தலைவர் அதைப் பார்த்துப் புன்னகை செய்தார்.

"ஆணையகம் ஒட்டினதை ஆணையகம்தான் எடுக்கணும். கூட்டம் அடுத்த மாசம். நீங்க கோட்டுப்படியே போங்க தக்குரு. நன்னடத்தையை நானே பக்கத்துல இருந்து பார்க்குறேன்."

"சரி சார்" என்றார் தக்குரு. சுக்கான் சக்கரத்தைப் பிடித்தார். சொன்னது சொன்னபடி, சிவப்புக் கோட்டிலிருந்து ஒரு மயிரிழை பிசகாமல் ஓட்டினார். அவ்வளவு நேர்மையாகத் தப்பான திசையில் யாரும் படகு ஓட்டியிருக்க மாட்டார்கள்.

முதல் ஒரு மணி நேரம் அலுவலர்கள் குல்ஹாவும் பஜியாவும் தின்றார்கள். அட்டோலின் பவளத் திட்டைத் தாண்டி வெளிக்கடலுக்கு வந்ததும், பருவக்காற்று அலையில் படகு தூக்கித் தூக்கிப் போட்டது. தின்றதெல்லாம் கடலுக்குப் போயிற்று. இரண்டரை மணி ஆயிற்று. தீவு வரவில்லை. மூன்று மணி. தண்ணீர் கறுநீலமாகிவிட்டது. எந்தப் பக்கம் பார்த்தாலும் ஒரு தென்னை மர உச்சிகூடத் தெரியவில்லை.

தலைவரின் செயலர் ஃபோனை எடுத்துப் பார்த்தார். முகத்தில் ஈயாடவில்லை. இனி எல்லாப் படகும் பள்ளித் திசைக்கு மாற வேண்டும் என்று சுற்றறிக்கை எழுதி வைத்திருந்தவரே அவர்தான். ஃபோனைச் சத்தமில்லாமல் பைக்குள் போட்டுக்கொண்டார்.

"என்னப்பா, வெலிதூ எங்க?" தலைவர் கம்பியைப் பிடித்துப் பிடித்துச் சக்கரத்தண்டை வந்தார்.

"வலப்பக்கம் எங்கயோ போயிடுச்சு சார்."

"இப்ப நாம எங்க போறோம்?"

"கோட்டுப்படி போறோம் சார். இப்படியே போனா நாளன்னிக்கு ஆப்பிரிக்கா பக்கம் ஏதாவது வரும்."

ஜம்ஷீத் கீழேயிருந்து குரல் கொடுத்தார்: "டீசல் அது வரைக்கும் வராது பேபே!"

தலைவர் கத்தினார். "திருப்பு! படகைத் திருப்பு!"

"திருப்பறேன் சார். எந்தப் பக்கம்? எனக்குத் திசை தெரியாது. எழுதிக் குடுத்திருக்கேன். முத்திரையை உடைக்கச் சொல்லி ஒரு வரி எழுதிக் குடுங்க, உடனே கொண்டுபோய்ச் சேர்த்துடறேன்."

"எழுதறதா? எழுதினா கோப்புல ஏறிடுமேய்யா!"

உயிர் போகிற நேரத்திலும் கோப்புப் பயம் போகவில்லை அந்த மனிதருக்கு. அலை ஒன்று பக்கவாட்டில் அடித்துப் படகைச் சாய்த்தது. பின்னால் யாரோ சத்தமாகக் கலிமா சொல்ல ஆரம்பித்தார். இன்னொருவர் அழுதார். கேமராக்காரர் கேமராவைக் கட்டிப்பிடித்துக்கொண்டு படுத்துவிட்டார். தக்குருவுக்கு மட்டும் பயமில்லை. நீரோட்டத்தைப் பார்த்தே அவருக்குத் தெரியும், வெலிதூ எங்கே இருக்கிறது, எவ்வளவு நேரமாகும் என்று. வாயைத் திறந்து சொல்லியிருப்பார். ஆனால் அந்தப் படிவம் நெஞ்சில் முள்ளாகக் குத்திக்கொண்டிருந்தது.

பிற்பகல் அஸர் தொழுகைக்கு நேரமாகிவிட்டது. தலைவர் கேனில் இருந்த தண்ணீரில் ஒலு செய்தார். பின்தளத்தில் பாயை விரித்துவிட்டுத் தக்குருவின் முகத்தைப் பார்த்தார்.

"கிப்லா எந்தப் பக்கம்?"

"சிவப்புக் கோடு இருக்கே சார். அதை வச்சே பார்த்துக்கலாம். ஆணையகம் ஒட்டினது."

தலைவர் கோட்டைப் பார்த்தார். கோடு காட்டின பக்கமே திரும்பி நின்று கையைத் தூக்கினார். தூக்கிய கை காதுவரை போய் நின்றது. அல்லாஹு அக்பர் என்று தக்பீர் சொல்ல வாய் வரவில்லை. கையை இறக்கினார். இன்னொரு அலை. மறுபடி கையைத் தூக்கினார், இறக்கினார். பிறகு மெல்ல, யாரும் பார்க்கக் கூடாதென்பது போல, காலை நகர்த்தி நகர்த்தி வலப்பக்கம் திரும்பினார்.

"இது சரியா?" என்றார், திரும்பிப் பார்க்காமலே.

"இன்னும் கொஞ்சம் சார்."

"இப்ப?"

"இப்ப சரி. பத்தொன்பது."

தலைவர் தக்பீர் கட்டினார். பின்னால் அலுவலர்கள் ஒவ்வொருவராகப் பாயை இழுத்து அதே பக்கம் திருப்பிக்கொண்டார்கள். கூட வந்திருந்த ஆலோசகரும்தான். தீவு திரும்பியது, மாலே திரும்பியது என்று யாரும் பேசவில்லை. அவ்வளவு உருக்கமாக அவர்கள் அதற்குமுன் தொழுதிருக்க மாட்டார்கள்.

ஸலாம் கொடுத்துத் தொழுகையை முடித்ததும் தலைவர் எழுந்து வந்தார். அவரே பேனாக் கத்தியால் அரக்கைச் சுரண்டினார், ஒட்டுத்தாளைக் கிழித்தார், கிழித்ததைக் கடலில் போட்டார்.

"நீ பார்த்தே இல்ல?"

"பார்த்தேன் சார்."

"வெளியில சொல்லாதே. ஞாயித்துக்கிழமை முழு உரிமம் உன் வீடு தேடி வரும்."

தக்குரு சக்கரத்தைத் திருப்பினார். ஒன்றேமுக்கால் மணி நேரத்தில் வெலிதூ வந்தது. முகாமுக்கு வந்திருந்த ஊர் மக்கள் தலைவரைக் காணாமல், வைத்திருந்த பலகாரத்தைத் தின்றுவிட்டு வீட்டுக்குப் போயிருந்தார்கள்.

சொன்னபடி உரிமம் வந்தது. அதே நாளில் ஆணையகத்திலிருந்து ஓர் அறிக்கையும் வந்தது. குறிப்பிட்ட தேதியில் பிற்பகல் இரண்டரை முதல் மூன்றரை மணி வரை வெலிதூ தீவு அதற்குரிய இடத்தில் காணப்படாதது பற்றி விசாரிக்க மூவர் குழு அமைக்கப்பட்டுள்ளது என்றது அறிக்கை.

அதைப் படித்துவிட்டு நஃபீஸா விழுந்து விழுந்து சிரித்தாள். தக்குரு சிரிக்கவில்லை. உரிமத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வெள்ளிக்கிழமை பெரும்பள்ளிக்குப் போனார். அன்று கூட்டம் குறைவு. மூன்றாவது வரிசையில் இடம் கிடைத்தது. வலப்பக்கம் பத்தொன்பது டிகிரி திரும்பி நின்றார். பச்சை வார்க்காரர் ரசீதுப் புத்தகத்தோடு ஓடி வந்தார். முன்வரிசையிலிருந்து தலைவர் திரும்பிப் பார்த்தார், வேண்டாம் என்று கையை அசைத்தார். வார்க்காரர் ஒன்றும் புரியாமல் பின்வாங்கினார்.

தலைவரின் கண் ஒரு கணம் தக்குருவின் கால்களில் நின்றது. படகில் அவரே நின்ற அதே பக்கம்தான். எது கிப்லா என்று அவருக்கு இப்போது நன்றாகத் தெரியும். தொழுகை தொடங்க இகாமத் சொன்னார்கள். தலைவர் முன்னால் திரும்பி, தோளைச் சரிசெய்து, நட்பு நாட்டுக் கம்பளத்தின் கோட்டில் நேராக நின்றார். அதாவது, தப்பாக.